பாதி டின் மஞ்சள்

வீட்டைக் காலிசெய்து மூட்டைகளை எல்லாம் ஏற்றிய பிறகும் ஓட்டுநரில்லாத வேன் நகரவில்லை. "திரவப் பெயிண்ட் இருக்கிறது. இறக்கவும்" என்றது. ஜெபசெல்வி அந்த மஞ்சள் பெயிண்ட் டின்னைத் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தொட்டி வாயைத் திறக்கவில்லை. "காய்ந்திருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். வாங்கிய இருவரும் கைரேகை வைக்க வேண்டும்" என்றது.

விவாகரத்துக்குக்கூட இவ்வளவு அலையவில்லையே என்ற எரிச்சலோடு, பல மாதங்களாகப் பேசாத தாவீதை அழைத்தாள்.

அவன் வந்தான். டின்னைத் திறந்து மின்விசிறிக்கு அடியில் வைத்தார்கள். தூத்துக்குடியில் அன்று விடாத மழை. ஈரக்காற்றில் பெயிண்ட் ஏடுகூடக் கட்டவில்லை.

"உங்க பேரையும் சேத்து இத வாங்குனேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்" என்றாள்.

"கத்தாத. சுவத்துல அடிச்சித் தீத்துருவோம். காலி டின்னுன்னா வாங்கிக்கிடும்லா?"

அடிக்க ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. பிறக்காமலே போன குழந்தைக்காகத் தொடங்கிப் பாதியில் விட்ட அறையின் சுவர். இருவரும் சேர்ந்து அடித்தார்கள். அவளுக்கு எட்டாத இடத்தை அவன் அடித்தான். பெயிண்ட் தீர்ந்தபோது சன்னலுக்கு மேலே ஒரு கை அகலம் மிச்சமிருந்தது.

தொட்டி இரண்டு கைரேகைகளையும் வாங்கிக்கொண்டு டின்னை விழுங்கியது. வேன் ஹாரன் அடித்தது.

"வேற ஏதும் இருக்கா?" என்றான் தாவீது, மழையில் நனைந்தபடி.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அடுப்படியில பாதி டப்பா வார்னிஷ் இருக்கு" என்றாள்.