மகளின் நாடி

பன்னிரண்டு வயதில் துவாரகாவின் தோலுக்கடியில் அப்பா வைப்பித்த மின்னணுச் சில்லு, முப்பத்துநான்கு வயதிலும் அவளுடைய நாடித்துடிப்பையும் அவள் இருக்கும் இடத்தையும் அவருடைய தொலைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கனடாவின் ஸ்காபரோவில் உணவகம் ஒன்றில், அவள் பழகத் தொடங்கியிருந்த நிரோஷன் முதன்முதலாக அவள் கையைப் பிடித்தபோது அப்பா அழைத்தார்.

"பிள்ளை, நெஞ்சு ஏன் இப்பிடி அடிக்குது?"

"படி ஏறினனான், அப்பா."

"நீ இருந்த இடத்தைவிட்டு அசையேல்லையே. ஆரோட இருக்கிறாய்?"

நான்காவது சந்திப்பிலும் அழைப்பு வந்தது. நிரோஷன் எழுந்து போனான், பிறகு வரவேயில்லை. சில்லை எடுக்கப்போவதாக அவள் சொன்னதும் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால் துவாரகா துடிப்பை அடக்கும் மாத்திரைகளைப் போடத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டு, கூட வேலை செய்யும் சேந்தன், "என்னைக் கலியாணம் கட்டுவீங்களோ?" என்று கேட்டான். அவளுடைய நெஞ்சு கொஞ்சமும் வேகமாக அடிக்கவில்லை; அவளுக்குள் எந்த உணர்வும் எழவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "தெரியேல்லை" என்றாள்.

வீட்டில் அப்பா தொலைபேசியில் அவளுடைய சீரான துடிப்பைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"பிள்ளை இப்பதான் நிம்மதியா இருக்கிறாள்."