வீட்டுக்காரம்மா உயரம்

சமையல் மேடை நாலு விரல் தாழ்ந்து போனது. அதனால் வீடு விற்கவில்லை.

வீட்டுக்காரர் செய்யாத செலவா? ஒழுகுகிற குழாய், இருட்டு மூலை, மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அலமாரிக் கதவு. கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அத்தனையும் ஒரே மாதத்தில் சரியாயின.

அவளுக்காக இல்லை. புரோக்கர் சொன்னான்.

"சார், வாங்க வர்றவங்க ஹாலை ஒரு சுத்துதான் பார்ப்பாங்க. சமையலறையிலதான் நின்னு பார்ப்பாங்க. அங்கே போடுறது விலையில திரும்பி வந்துடும்."

தம்பி தன் வீட்டை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, லிப்ட் வைத்த அபார்ட்மெண்டுக்குப் போய்விட்டான். போனதோடு விடாமல், வாரா வாரம் போன் போட்டு லிப்ட் புராணம் பாடினான். அண்ணன் பொறுப்பாரா? விற்றே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புது கிரானைட், புதுக் குழாய், சத்தமில்லாமல் இழுபடும் டிராயர்கள். எல்லாம் பளபளவென்று முடிந்தது. கடைசியாக, அடுப்புக்கு முன்னால் கிடந்த மரப்பலகையைத் தூக்கிக் கொல்லையில் வீசினார். அதன் மேல் ஏறி நின்றுதான் மனைவி சமைப்பாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதில் காலை இடித்துக்கொண்டு கத்துவது அவர் வழக்கம்.

"பார்க்க வர்றவங்க முன்னால இந்த அசிங்கம் எதுக்கு?"

அவள் பலகையைத் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

முதலில் வந்த அம்மாள் மேடையில் கையை வைத்துப் பார்த்தாள். "ஏங்க, இது பிள்ளைங்க விளையாடக் கட்டினதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவன் நல்ல நெட்டை. "இங்கே பாத்திரம் கழுவினா நாள் பூரா கும்பிடு போட்டுக்கிட்டேதான் நிக்கணும்" என்றான். ஆனால் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் வீடு பிடித்திருந்தது.

"மேடையை மட்டும் உயர்த்திக் குடுத்துட்டா வாங்கிக்கிறாங்களாம் சார்" என்றான் புரோக்கர். "விட்டுடாதீங்க."

விடுவாரா? மறுநாள் காலையிலேயே மேடை கட்டிய மேஸ்திரியை வரச் சொன்னார். உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார் மேஸ்திரி.

"யாரைக் கேட்டுய்யா தாழ்த்தினே?"

"உங்களைத்தான் சார். எவ்வளவு உயரம்னு போன்ல கேட்டேன். வீட்டுக்காரம்மா உயரத்துக்கு வைன்னீங்க."

"நான் சொன்னது வாங்கப்போற வீட்டுக்காரம்மாய்யா!"

"அவங்க நெட்டையா குட்டையான்னு நான் என்ன ஜோசியமா சார் பார்க்க முடியும்? என் கண்ணுக்குத் தெரிஞ்சது ஒரே வீட்டுக்காரம்மாதான்."

"வாய் மட்டும் நீளம். மேடைதான் குட்டை. உடைய்யா!"

"கல்லு நொறுங்கிப் போகும் சார்."

"நொறுங்கட்டும்! நானே காட்டுறேன் வா."

விறுவிறுவென்று சமையலறைக்குள் நுழைந்தார். மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக இடிக்கும் இடத்தில் கால் இடிக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

அவள் வெறும் தரையில் நின்றிருந்தாள். இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்திருந்தன.

"பலகை எங்கே?"

"நீங்கதானே தூக்கி வீசினீங்க."

"அப்போ எப்படிச் சமைக்கிறே?"

"எட்டுது."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் பொங்கி வந்தது. கையை நீட்டி அடுப்பைத் தணித்தாள்.

வீட்டுக்காரர் அங்கேயே நின்றார். மேஸ்திரி சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

போன் அடித்தது. புரோக்கர்.

"சார், உடைச்சாச்சா? அவங்க வண்டி ஏறிட்டாங்க!"

"திரும்பிப் போகச் சொல்லுய்யா. விக்கறதா இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கு ஒத்து வராது."

"என்ன சார் இது? அந்தம்மாதான் சரின்னுட்டாங்களே!"

"நான் சொல்றது இந்த வீட்டுக்காரம்மா!"

போனை வைத்துவிட்டு ஹாலில் போய் நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒருத்தன் செய்த தப்பை மன்னித்து விட்டாச்சு. லிப்ட்டும் வேண்டாமென்று சொல்லியாச்சு. யார் செய்வார்கள்?

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கூடவே குரலும்.

"ஏம்மா, ஐயா யாரைச் சொல்றாருன்னு எனக்கே அன்னைக்குச் சந்தேகம். அதான் உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க டக்குனு செருப்பைக் கழட்டிட்டு, சுவரோரமா நேரா நின்னு, 'என்னைத்தான், அளந்துக்கோங்க'ன்னீங்க. உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"சந்தேகமா? அவர் என்னைச் சொல்லலைன்னு நல்லாவே தெரியும் மேஸ்திரி. அதனாலதான் நின்னேன்."

"அடேங்கப்பா! திட்டு வாங்கினது நானாச்சே!"

"அதுக்குத்தான் இன்னொரு டீ. டம்ளரை நீட்டுங்க."

சாய்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நாலு விரல் உயர்ந்து நின்ற தப்பை இறக்கி வைத்தவள், வீட்டுக்காரம்மா.