இதயத்தின் அளவு

எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் செருகி டாக்டர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்கு இதயம் வீங்கிப் பெரிசாயிடுச்சும்மா. வர்ற ரத்தத்தை முழுசா வெளிய தள்ளாம உள்ளயே வச்சுக்குது."

பதினோரு வருடங்களுக்கு முன், தன் அப்பா செத்த அன்று, செண்பகவல்லி கணவர் காலைப் பிடித்திருந்தாள். "பெரிய மனசு பண்ணுங்க. முகத்தை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்." அவளை உள்ளே வைத்து வாசலைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர் இவர்.

இப்போது படுக்கையிலிருந்து அவள் கையைப் பற்றினார். "பெரிய மனசு பண்ணு வல்லி. என்னை ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போயிடாத."

கையை உருவிக்கொண்டாள். படத்தில் வெளுத்துப் பரந்திருந்த இதயத்தை விரல் விரித்துச் சாண் போட்டு அளந்தாள்.

"எனக்கும் ஒரு படம் எடுங்க டாக்டர். எவ்வளவு பெரிசுன்னு பாத்துட்டு இவருக்குப் பதில் சொல்றேன்."