மணப்பெண் அழுத காரணம்

பழைய கல்யாண வீடியோ ஒன்று திரையில் ஓடி முடிந்தது.

"புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது பொண்ணு அழறது, கடல் கடந்து வந்தும் நம்ம ஜனங்க விடாத வழக்கம். அதை வரைங்க," என்றாள் ஆசிரியை.

எல்லாரும் மணப்பெண்ணை வரைந்தார்கள். கடைசி பெஞ்ச் மாணவி மட்டும் கிழிந்த கடிதம் ஒன்றை வரைந்திருந்தாள்.

"இது வீடியோவுல வரவே இல்லையே?"

"கேமராக்காரர் வர்றதுக்கு முன்னாடியே எங்கப்பா கிழிச்சுப் போட்டுட்டார். காலேஜ்ல இடம் கிடைச்ச கடிதம். அதுக்குத்தான் அன்னிக்கு அழுதேன்."

ஆசிரியை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையேம்மா!"

"நீ கேட்டாத்தானேடி?"

பெரியவர்களுக்கான அந்த மாலை வகுப்பில் இன்னும் வருகை எடுக்கவில்லை. மகள் எழுந்து பதிவேட்டைத் திறந்து, முதலில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டாள்.

அறுபது வயது மாணவி விறைப்பாக எழுந்து நின்றாள்.

"உள்ளேன் டீச்சர்!"