தொண்டை அடைக்கும் பொம்மை

கதவு எண் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் ஒரு பொம்மைக் குழந்தை கொடுத்திருந்தது. வாரம் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் அதற்குத் தொண்டை அடைக்கும். வீட்டிலிருப்பவர்கள் காப்பாற்றிப் பழக வேண்டும். மஞ்சரியின் வீட்டில் அதை நாற்பது முறை காப்பாற்றியவள் வேலைக்கு வரும் தெய்வானை. சான்றிதழ் மட்டும் மஞ்சரி பெயரில் கூடத்தில் தொங்கியது.

அன்று மஞ்சரியின் பத்து மாதக் குழந்தை தரையில் கிடந்த பட்டாணியை விழுங்கிவிட்டு, சத்தமே இல்லாமல் நீலம் பாரித்தது. புரையேறிவிட்டதென்று நினைத்த மஞ்சரி, "யாரோ நினைக்கிறாங்கடா செல்லம்" என்று உச்சந்தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் தெய்வானை ஓடி வந்தாள். குழந்தையைப் பிடுங்கினாள். முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகின் நடுவில் ஓங்கித் தட்டினாள். நான்காவது தட்டில் பட்டாணி தெறித்தது, குழந்தை வீறிட்டது.

"என்ன வேணும்னாலும் கேளு தெய்வானை!" என்று அழுதாள் மஞ்சரி.

தெய்வானை பொம்மையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கதவு நம்பர் இல்லாத வீட்டுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது!"

"எங்க வாய்க்கால் கரையில எந்த வீட்டுக்கும்மா நம்பர் இருக்கு? போன ஆடியில எங்கக்கா புள்ள கடலை அடைச்சுச் செத்துச்சே, அன்னைக்கு அவளும் உச்சியத்தான் தட்டிக்கிட்டிருந்தா. நான் இங்க இந்தப் பொம்மையக் காப்பாத்திக்கிட்டிருந்தேன்."