கப்பல் டிக்கெட்

"நாளிக்கு நீ பொண்ணு பாக்க வரசொல்ல எங்க அத்தா, பணக்காரத்தனமா இருக்கறதைச் சொல்ற 'போஷ்'ன்ற இங்கிலீஷ் வார்த்தை எப்டி வந்துச்சுன்னு கேப்பாரு. இன்னா சொல்லுவ?" என்று போனில் கேட்டாள் உஸ்மா.

"அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் சரியா தெரியாது," என்றான் ஜீஷான்.

"போச்சு. அந்தக் காலத்துல பணக்காரங்க கப்பல் டிக்கெட்ல குத்துன பி, ஓ, எஸ், எச்ன்ற நாலு எழுத்துதான் போஷ்னு சொல்லணும்."

"அது கட்டுக்கதைன்னு டிக்சனரியிலயே போட்டுக்கீது."

"உனக்கு முன்னாடி வந்தவனும் அதேதான் சொன்னான். போன்ல டிக்சனரியைத் தொறந்து வேற காட்டுனான். டீ ஆறறதுக்குள்ள அவனை அனுப்பிட்டாரு."

"சரி, கப்பல் டிக்கெட்டே இருக்கட்டும்."

மறுநாள் ராயபுரத்து வீட்டில், துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற உஸ்மாவின் அப்பா அலி அக்பர் அதையேதான் கேட்டார். ஜீஷான் கப்பல் டிக்கெட்டைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமெல்லாம் சிரிப்பு. சமையலறைப் பக்கம் திரும்பி, "நம்ம உஸ்மாவுக்கு இந்த மாப்பிள்ளையே இருக்கட்டும்," என்றார்.

தெருவுக்கு வந்ததும் ஜீஷான் அவளுக்குப் போன் செய்தான். "எனக்கு முன்னாடி பொண்ணு பாக்க வந்தவன் பாவம். அவனுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்ல."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் உஸ்மா. "ஆதாரம் காட்டிப் பேசுனா எங்க அத்தாவுக்கு ரொம்பப் புடிக்கும்னு."