மந்து

"‘மந்து’ன்னா வெஷம்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

திருத்தணி கோர்ட்டு வராந்தாவில் வள்ளியம்மாள் அனுராதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பள்ளிப்பட்டுக்காரி. அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த இரண்டு கறவை மாடுகளும் பூச்சிமருந்து கலந்த தண்ணீரைக் குடித்துச் செத்துப்போயிருந்தன.

அனுராதா நாசூக்காகக் கையை விடுவித்துக்கொண்டாள். சென்னையில் தெலுங்குப் பேராசிரியை. எல்லைப்புறப் பேச்சில் புலி. அதனால்தான் நிபுணர் சாட்சியாக அழைத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தாம்மா சொல்ல முடியும்."

உள்ளே, குற்றவாளிக் கூண்டில் வள்ளியம்மாளின் பக்கத்து வீட்டுக் கோதண்டம் நின்றான். மாடுகள் செத்ததற்கு முந்தின நாள் அவன் தன் அக்காள் புருஷனுக்குப் போனில் அனுப்பிய பேச்சைப் போட்டுக் காட்டினார்கள்.

"பாவா, கொட்டாயில மந்து வச்சுட்டேன்."

"மந்துன்னா என்னங்க அர்த்தம்?" அரசு வக்கீல் கேட்டார்.

"தெலுங்குச் சொல். மருந்துன்னும் அர்த்தம், பூச்சிமருந்துன்னும் அர்த்தம். சாராயத்தையும் அப்படிச் சொல்வாங்க."

கோதண்டத்தின் வக்கீல் ஹேமநாதன் துள்ளி எழுந்தார். "அதேதான் ஐயா! பாவா குடிக்கிறதுக்குத் தன் கொட்டாயில சரக்கு எடுத்து வச்சான். அவ்வளவுதான்!"

"சாராயம்தான்னு நான் சொல்லலை" என்றாள் அனுராதா. "எதுன்னு இந்தப் பேச்சை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது."

"சாட்சின்னா இப்படித்தான் இருக்கணும்" என்று நீதிபதியே மெச்சினார்.

பின்னாலிருந்து வள்ளியம்மாளின் விசும்பல் கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிபுணர் பாவம் பார்க்க முடியுமா? அனுராதா திரும்பாமல் இறங்கிப் போனாள்.

தீர்ப்பு வந்த பிறகு, ஒரு கிருத்திகையன்று மலைக்கு வந்தவளைப் பார்த்துக் கோதண்டம் ஓடி வந்து கும்பிட்டான்.

"விட்டுட்டாங்கம்மா! எல்லாம் உங்க சாட்சியாலதான்."

"சந்தோஷம். இனிமேலாவது பாவாவும் நீங்களும் அந்த ‘மந்து’வைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று சிரித்தாள் அனுராதா.

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது.

"இன்னாம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? நானும் பாவாவும் வருஷா வருஷம் காவடி எடுக்கறவங்க. ஒரு சொட்டு சரக்கு எங்க வாயில பட்டது கெடையாது!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.